எருவுக்கு அஞ்சும் பூ

பயிர் என்று ஒன்றை வைத்தால் அதற்கு எரு இடவேண்டும் என்பது நம்மில் யாருக்கும் சொல்லித் தரவேண்டாத பாடம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போடுவதும், கோடையில் வற்றிய குளத்து வண்டலை வண்டி கட்டிக் கொண்டுவந்து கொட்டுவதும், கொல்லையில் ஒரு ரோஜாப் பதியனை ஊன்றும்போதுகூடக் குழிக்குள் ஒரு கூடை தொழுவுரத்தை இட்டு மூடுவதும் நமக்குப் பரம்பரையாக வந்த பழக்கங்கள். அப்படிப்பட்ட நம்மிடம், இங்கிலாந்தில் தோட்டக் கலையில் தேர்ந்தவர்கள் சிலர் ஒரு காட்டுப் பூவைத் தங்கள் தோட்டத்தில் மலரச் செய்யும்பொருட்டு, நல்ல கறுத்த மேல்மண்ணைக் கூலி கொடுத்து வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, அடியில் கிடக்கும் சாரமற்ற மண்ணில் விதை தூவுகிறார்கள் என்று யாராவது சொன்னால், அவர்களுடைய புத்தி ஸ்வாதீனத்தைப் பற்றி நாம் சந்தேகம் கொள்வது இயல்பே. ஆயினும் அவர்கள் செய்வது பைத்தியக்காரத்தனமன்று. அதற்கு ஒரு காரணம் உண்டு; அந்தக் காரணத்தைத் திட்டமாகக் கண்டுபிடிக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தப் பூவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் நாப்வீட். அப்பெயரால் வழங்கும் இனங்கள் பல இருப்பினும், சாலை ஓரங்களிலும் வேலியடிகளிலும் பழைய புல்வெளிகளிலும் யாரும் விதைக்காமலே முளைக்கும் கருநாப்வீட் என்பதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு சென்டோரியா நைக்ரா என்று நாமகரணம் செய்தார். ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டுகள் நிலைத்து, குளிர்காலத்தில் மேற்பகுதி மடிந்து, வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும் செடி இது. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புயரம் வரையில் வளரும். தண்டு வரிவரியாக, விறைப்பாக, கையால் ஒடிக்க முயன்றால் எளிதில் இணங்காத முரட்டுத்தனத்தோடு நிற்கும். பூவைத் தாங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே கொஞ்சம் பருத்திருக்கும். ஜூன் மாதம் முதல் செப்டம்பர் வரையில், சிவப்புங் கலந்த ஊதா நிறத்தில், முள்ளில்லாத முட்செடிப் பூவென்று சொல்லும்படியான பூக்களைத் தாங்கும். பூவின் அடியில் ஒரு கெட்டியான உருண்டை. அதன்மேல் ஒன்றையொன்று மூடியபடி அடுக்கிய செதில்கள். ஒவ்வொரு செதிலின் நுனியிலும் கறுத்த, சீப்புப் பல் போன்ற விளிம்பு. கருநாப்வீட்டை அதன் உறவினங்களிலிருந்து பிரித்தறியத் தாவர சாஸ்திரிகள் முதலில் பார்ப்பது இந்தச் செதில் நுனியைத்தான்.

இங்கே பூ என்று சொன்னது ஒரு வழக்கு மட்டுமே. சாமந்தியையும் சூரியகாந்தியையும் போலவே இதுவும் ஒரு தனிப் பூ அன்று; பல சிறு பூக்கள் ஒரே பீடத்தின்மேல் நெருங்கி நிற்கும் கூட்டம். இவ்வகைப் பூங்கொத்துக்குச் சிரமஞ்சரி என்று பெயர். இக்கட்டுரையில் ‘தலை’ என்று சொன்னால் இதையே குறிக்கும். தக்காணத்துக் கரிசல் நிலங்களில் எண்ணெய்க்காகவும் சாயத்துக்காகவும் பயிரிடப்படும் குசும்பாச் செடி நாப்வீட்டுக்கு நெருங்கிய உறவு. குசும்பாப் பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நாப்வீட்டின் தோற்றத்தை மனத்தில் வரைந்துகொள்வது சிரமமன்று.

கூட்டத்திலிருந்து ஒரு சிறு பூவை மட்டும் பிரித்தெடுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்போம். ஐந்து நுனிகளாகப் பிளந்த மெல்லிய இதழ்க்குழல் ஒன்று. அதனுள் ஐந்து மகரந்தக் கம்பிகள். அவற்றின் தலையிலுள்ள ஐந்து மகரந்தப் பைகளும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு சிறு குழாயாக அமைகின்றன. பைகள் வெடிக்கும்போது மகரந்தம் வெளியே சிந்துவதில்லை. குழாயின் உள்ளேயே கொட்டுகிறது. குழாயின் நடுவே, அடியிலிருந்து மேல்நோக்கிச் சூல்தண்டு நிற்கிறது. அதன் நுனிக்குச் சற்றுக் கீழே வட்டமாக ஒரு மயிர் வளையம். நம் வீட்டு முறுக்கு உழக்கை எடுத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். உழக்கில் மாவை அடைத்து, கட்டையால் அழுத்தினால் மாவு பிதுங்கி வருகிறது. சூரியகாந்தியில் கட்டையாகிய சூல்தண்டு மெல்ல மெல்ல நீண்டு, மகரந்தத்தை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. நாப்வீட்டிலோ ஒரு விசேஷம்: கட்டை அசையாமல் நிற்க, உழக்கே சட்டென்று கீழே இழுக்கப்படுகிறது. இழுப்பவை அந்த ஐந்து மகரந்தக் கம்பிகள். அவை ஸ்பரிச உணர்ச்சி உடையவை. தேனைத் தேடி வரும் வண்டின் காலோ வாயுறுப்போ பட்டதும், கம்பிகளின் உயிரணுக்கள் தம்முள் இருந்த நீரை இழந்து சுருங்குகின்றன, கம்பிகள் குட்டையாகின்றன, குழாய் இறங்குகிறது, வளையத்து மயிர்கள் வாரிய மகரந்தம் மேல்வாயில் பிதுங்கி, வந்த விருந்தாளியின் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. சில நிமிஷங்களில் கம்பிகள் பழைய நீளத்தை அடைந்து அடுத்த வரவுக்குத் தயாராகின்றன. இருந்த மகரந்தம் அனைத்தையும் ஒரே தடவையில் கொட்டிவிடாமல், வண்டு வந்திருக்கும் தருணம் பார்த்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்து வழங்கும் சிக்கனம் இது.

தொட்டாற்சுருங்கியின் இலையை அறிந்த நமக்கு ஒரு செடி தொடுகைக்கு அசைவது புதிதன்று. ஆனால் குளிர் நாட்டுப் புல்வெளியில் யாவரும் மிதித்துச் செல்லும் ஒரு களையின் பூவுக்குள் அதே ஜாலம் நிகழ்வதை முதலில் கவனித்தவர்கள் வியந்திருக்க வேண்டும். 1764ஆம் ஆண்டில் தால் கோவொலோ என்ற இத்தாலியப் பிரபு, சென்டோரியா இனப் பூக்களின் இந்தச் சலனத்தைப் பற்றி ஒரு சிறு நூலே வெளியிட்டார். இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். காலை வேளையில் புதிதாக விரிந்த தலையொன்றை ஒரு புல்நுனியால் மெல்ல வருடினால், சிறு பூக்கள் கூச்சம் கொண்டவை போல நெளிவதையும், குழாய் முனையில் மகரந்தம் எட்டிப் பார்ப்பதையும் கண்ணாலேயே காணலாம்.

மகரந்தம் தீர்ந்த பின்னரே சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து, பிற செடிகளின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. அப்போதும் தன் சொந்த மகரந்தம் தற்செயலாகப் படிந்தால், பெரும்பாலும் அதைக் கருவுறவிடாமல் நிராகரித்துவிடும். தோட்டக்காரனுக்கு இதில் ஒரு காரியமான செய்தி அடங்கியிருக்கிறது. ஒரே தூரைப் பிளந்து பத்து இடங்களில் நட்டவன் தன் தோட்டத்தில் பத்துச் செடி இருப்பதாக எண்ணிக்கொண்டிருப்பான். வம்ச சாஸ்திரத்தின் கணக்கில் அவை பத்தும் ஒரே செடிதான். விதையிலிருந்து தனித்தனியாக வளர்ந்த ஐந்தாறு செடிகளைச் சேர்த்து வைத்தாலன்றி அங்கே அடுத்த தலைமுறைக்கு விதை கிட்டுவது அரிது.

இனி, தொடக்கத்தில் விட்டு வந்த எருவின் விஷயத்துக்கு வருவோம்.

லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பண்டன் என்ற ஊரில் ராத்தம்ஸ்டெட் என்னும் பண்ணை இருக்கிறது. அதன் சொந்தக்காரரான ஜான் பென்னெட் லாஸ் 1842ஆம் ஆண்டில் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்று, அதைத் தயாரித்து விற்றுப் பொருள் ஈட்டியவர். உரம் விற்பவருக்கு எந்த உரம் எதற்கு நல்லது என்று அறியும் ஆவல் இருப்பது சகஜந்தானே! அவரும், ரசாயன நிபுணராகிய ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் சேர்ந்து, 1856ஆம் ஆண்டில், அதற்கு முன் குறைந்தது நூறு ஆண்டுகளாகப் புல்வெளியாகவே கிடந்த சுமார் 7 ஏக்கர் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சிலவற்றுக்குத் தழைச்சத்து, சிலவற்றுக்கு மணிச்சத்தும் சாம்பல்சத்தும், சிலவற்றுக்கு எல்லாம் சேர்த்து, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆண்டுதோறும் மாறாமல் இட்டு வந்தார்கள். மாடுகளுக்கு வேண்டிய உலர்புல் எதனால் அதிகம் விளைகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. அதற்கு விடை கிடைத்தது. கேளாத கேள்வி ஒன்றுக்கும் விடை கிடைத்தது. உரத்தை மாற்றியதால் விளைச்சல் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பாத்திக்கும் வெவ்வேறு விதையைத் தூவியதுபோல, அவற்றில் வாழும் செடிகளே சில ஆண்டுகளுக்குள் வேறாகிவிட்டன. அந்தப் பரிசோதனை இன்றளவும் நிற்காமல் நடந்துகொண்டிருக்கிறது. ஒன்றும் இடாத பாத்திகளில் இன்று சுமார் 40 வகைச் செடிகள் இருக்கின்றன. நம்முடைய கருநாப்வீட்டும் அவற்றுள் ஒன்று. அம்மோனியம் சல்பேட்டை ஏராளமாக ஏற்ற, சுண்ணாம்பு இடாத பாத்திகளிலோ, மார்பளவு புல் நின்றாலும், குனிந்து தேடினால் அகப்படுவன இரண்டு மூன்று வகைகளே.

ஏன் இப்படி? நாப்வீட்டுக்கு உரம் விஷமா? முதலில் எழுந்த சந்தேகம் புளிப்பைப் பற்றியது. அம்மோனியம் சல்பேட் மண்ணை நாளடைவில் அமிலமாக்கும் என்பது உண்மை. அந்தப் புளிப்பைத் தாங்கமாட்டாத செடிகள் மடிவதும் உண்மை. இதைப் பிரித்தறிய ராத்தம்ஸ்டெட்டில் 1903ஆம் ஆண்டு முதல் பல பாத்திகளின் பாதியில் சுண்ணாம்பு இட்டுப் புளிப்பை முறித்துப் பார்த்தார்கள். செடிவகைகளின் குறைவு ஓரளவு தணிந்ததேயொழிய, தழைச்சத்து ஏறிய இடங்கள் ஒன்றும் இடாத பாத்திகளின் வளத்தை எட்டவில்லை. ஆகையால் புளிப்பு ஒரு காரணமே. முழுக் காரணம் வேறு. மண்ணுக்கடியில் வேர்கள் போடும் சண்டையா, மண்ணுக்கு மேலே இலைகள் போடும் சண்டையா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதால் எது கொல்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவனால் சொல்ல இயலவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்த பரிசோதனை, அதன் எளிமைக்காகவே நான் மிகவும் ரசிக்கும் ஒன்று. ஸூரிச் நகரில் ஓத்தியே, நிக்லாஸ், ஹெக்டர் என்னும் மூவர் கண்ணாடி வீட்டுக்குள் பல இனங்கள் கலந்த சிறு புல்வெளிகளை வளர்த்து, சிலவற்றுக்கு உரமிட்டார்கள். எதிர்பார்த்தபடியே உரமிட்டவற்றில் உயர்ந்த செடிகள் கொழுத்தன, குள்ளமானவை மறைந்தன. இன்னும் சிலவற்றுக்கு உரமும் இட்டு, கூடவே உயர்ந்த செடிகளின் இலைக்கூரைக்கு அடியில், நிழல் கவிந்த பகுதியில், குழல் விளக்குகளைப் பொருத்தி எரியவிட்டார்கள். அங்கே உரம் இருந்தது, வேர்ச்சண்டையும் இருந்தது, இருட்டு மட்டும் இல்லை. குள்ளச் செடிகள் பிழைத்துக்கொண்டன. இந்த முடிவு 2009ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வெளிவந்தது.

ஆகவே நாப்வீட் பட்டினியை விரும்புகிறது என்று தோட்டப் புத்தகங்கள் சில எழுதுவது சரியன்று. அதற்கு வேண்டியது வெளிச்சம். வசந்தத்தில் அது தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகத்தான் தன் வாழ்வைத் தொடங்குகிறது. தண்டு எழும்புவது பிறகுதான். தழைச்சத்து நிறைந்த மண்ணில் புல் வகைகள் கிடைத்ததையெல்லாம் உடனே இலையாக்கி, அந்த இலைக்கொத்தின்மேல் கூரை வேய்ந்துவிடுகின்றன. ஏழை மண்ணில் புல்லால் அவ்வளவு வேகமாக எழ முடியாது. நாப்வீட் வெளிச்சத்தைப் பெறுகிறது. இதற்குச் சாட்சி தோட்டத்திலேயே கிடைக்கும்: புல்லே இல்லாத பூம்பாத்தியில், நன்றாக எருவிட்ட மண்ணில், இதே செடி சாகாமல் அளவுக்கு மிஞ்சி வளர்ந்து, பாரம் தாங்காமல் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும். மேல்மண்ணை வெட்டி எறிகிறவர்கள் பூவுக்கு உபகாரம் செய்யவில்லை. புல்லுக்குத் தண்டனை விதிக்கிறார்கள்.

1870ஆம் ஆண்டில் வில்லியம் ராபின்ஸன் ‘த வைல்ட் கார்டன்’ என்ற நூலில், செடிகளைக் காவலில் வைக்காமல் இயல்பாக வளரவிடும் தோட்டத்துக்காக வாதாடிய காலந்தொட்டு இந்த முயற்சி நடந்துவந்திருக்கிறது. எல்லோராலும் மண்ணை வெட்டி எறிய முடியாது. சாதாரணமாகச் செய்வது, ஆண்டுக்கு ஒருமுறை, பூக்கள் விதையாகிய பின் புல்வெளியை அறுத்து, விதைகள் உதிரும்படி சில நாள் அங்கேயே காயவிட்டு, பிறகு அறுத்ததை ஒரு துரும்பு மிச்சமில்லாமல் வாரி வெளியேற்றுவது. வாரிய ஒவ்வொரு சுமையோடும் கொஞ்சம் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் போகின்றன. மணிச்சத்து மட்டும் எளிதில் போகாது. மண்துகள்களைப் பற்றிக்கொண்டு, பழைய காய்கறித் தோட்டமாக இருந்த நிலத்தில் பல ஆண்டுகள் குடியிருக்கும். இதற்கு மற்றொரு உபாயமும் உண்டு. யெல்லோ ராட்டில் என்ற ஒருபருவச் செடியின் விதையை இலையுதிர்காலத்தில் புல்லுக்கிடையே தூவுவார்கள். அது தன் வேரைப் புல்லின் வேரோடு பிணைத்து அதன் சாரத்தை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. நம் சோள வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் விவசாயிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் சுடுமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே அதைக் காசு கொடுத்து வாங்கி விதைக்கிறார்கள்! புல் மெலிந்த இடங்களில் நாப்வீட் விதையோ, சிறு தொட்டிகளில் வளர்த்த நாற்றோ எளிதில் பிடித்துக்கொள்ளும். முதலாண்டில் வெறும் இலைக்கொத்தைத்தான் பார்க்கலாம். பூ பெரும்பாலும் மறு ஆண்டில்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு களையை வளர்ப்பானேன் என்று கேட்கலாம். பிரிட்டனின் காட்டுப் பூக்கள் எவ்வளவு தேன் சுரக்கின்றன என்று அளந்த அக்ரிலாண்ட் ஆராய்ச்சியில், பூச்சிகள் அண்டாதபடி பூக்களை ஒரு நாள் முழுதும் உறையிட்டு மூடி, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களால் தேனை உறிஞ்சி எடுத்து, அதன் இனிப்பையும் அளந்து, நிலப்பரப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அந்த வரிசையில் கருநாப்வீட்டுக்கு முதல் ஐந்து இடங்களுக்குள் ஓர் இடம் கிடைத்தது. கோடையின் பிற்பகுதியில், மற்றப் பூக்கள் ஓய்ந்த பின்னும் இது பூப்பதால், பம்பிள் தேனீக்களும், கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட மார்பிள்ட் ஒயிட் பட்டாம்பூச்சிகளும் இதை நாடி வருகின்றன. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த பழைய பூம்புல்வெளிகளில் 97 சதவீதம் 1984ஆம் ஆண்டுக்குள் அழிந்துவிட்டன. உழுது, உரமிட்டு, ஒரே வகைப் புல்லை விதைத்து, பூப்பதற்கு முன்பே அறுத்துப் பதனப் புல்லாக்கும் முறை வந்ததே காரணம்.

பூவை நம்பி வாழும் ஜந்துக்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். யூரோஃபோரா என்ற சிறிய ஈ, மலராத தலைக்குள் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு ஒரு சிறு பூவின் சூற்பையில் நுழைந்ததும், அந்தச் சூற்பை விதையாகாமல் மரம்போல் இறுகிய ஒரு முண்டாக வீங்குகிறது. குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் ஓக் மரத்தில் ஒரு குளவியினால் உண்டாகும் வீக்கமே என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். புழு அந்த முண்டுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. 1930களின் நடுவில் ஜார்ஜ் வார்லி என்பவர் கேம்பிரிட்ஜுக்கு அருகே மேடிங்லியில், ஒரு சதுர மீட்டரில் எத்தனை முண்டுகள், அவற்றில் உயிருள்ளவை எத்தனை, எவை எவற்றால் மாண்டன என்று பருவந்தோறும் எண்ணி, 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, உயிரினத் தொகை ஏன் கட்டுமீறிப் பெருகுவதில்லை என்ற கேள்விக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. குளிர்காலத்தில் எலிகள் முண்டுகளைக் கடித்து ஏராளமான புழுக்களைத் தின்றன. இருந்தும், அதிகமாகக் கொல்வது வேறு, கட்டுப்படுத்துவது வேறு என்பதே வார்லி கண்ட நுட்பம்: ஈக்களின் தொகை ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்கும் ஓர் ஒட்டுண்ணிக் குளவியே அதன் தொகையை நிர்ணயிக்கிறது என்று அவர் முடிவு கட்டினார்.

அமெரிக்காவில் இந்தக் கதைக்கு ஒரு கோணலான தொடர்ச்சி உண்டு. ஐரோப்பாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சென்றுவிட்ட புள்ளி நாப்வீட் என்னும் உறவினம், மான்டானா முதலிய மேற்கு மாகாணங்களின் மேய்ச்சல் நிலங்களைப் பெருமளவு ஆக்கிரமித்துக்கொண்டது. அதன் விதையைக் குறைக்க 1970களில் யூரோஃபோரா ஈக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஈக்கள் பெருகின, களை ஒழியவில்லை. ஒவ்வொரு தலையிலும் கொழுத்த புழு கிடைத்ததால் மான் எலிகள் பெருகின. அந்த எலிகள் மனிதருக்கும் ஆபத்தான ஹன்டா வைரஸைச் சுமப்பவை. எலிகளின் பெருக்கத்தோடு அந்த வைரஸைத் தாங்கிய எலிகளும் அதிகமானதை 2006ஆம் ஆண்டில் பியர்சனும் காலவேயும் எடுத்துக் காட்டினார்கள். கருநாப்வீட்டின் கலப்பினமொன்றும் ஆரிகன், வாஷிங்டன் மாகாணங்களில் களையாகவே கருதப்படுகிறது. இது தன் சொந்தப் புல்வெளிக்கு உரிய செடி. விதைப் பொட்டலத்தைக் கடல் கடந்து எடுத்துச் செல்வது விவேகமன்று.

சொந்த நாட்டிலேயே தோட்டக்காரனுக்கு ஒரு தர்மசங்கடம் மிஞ்சுகிறது. ஆகஸ்டு மாதத்தில் எல்லாவற்றையும் அறுத்து வாரினால் புல் அடங்கும். ஆனால் முண்டுக்குள் உறங்கும் புழுக்களும், கோல்ட்ஃபின்ச் குருவிகள் குளிர்காலத்தில் கொத்தித் தின்னும் விதைகளும் அந்தச் சுமையோடு வெளியேறிவிடும். அறுக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் புல் மூடி நாப்வீட்டே இராது. அனுபவசாலிகள் புல்வெளியை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை மட்டும் அறுக்காமல் வசந்தம் வரையில் நிற்கவிட்டு, மறு ஆண்டில் வேறொரு பகுதிக்கு அந்தச் சலுகையை மாற்றுகிறார்கள். நிற்கும் பகுதி குளிர்காலம் முழுதும் காய்ந்து கறுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் முணுமுணுப்புக்கு இலக்காகும்.